தாலி கட்டும் நேரத்தில் வேகம் அளந்த கதை

1

ஒவ்வொரு ஞாயிறும் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து என் அண்ணன் வீடியோவில் கூப்பிடுவார். எடுத்த எடுப்பில் நலமா என்று கேட்க மாட்டார். "என்ன தங்கச்சி, இந்த வாரம் எந்தக் கல்யாணத்தை நிறுத்தினே?" என்பார். பின்னாலிருந்து அண்ணி சிரிக்கிற சத்தம் கேட்கும். நானும் சிரித்துவிட்டு, "உங்க ஊர்ல ஏதாவது இருந்தா சொல்லு, வந்து நிறுத்திட்டுப் போறேன்" என்பேன். அதற்கப்புறம்தான் மழை, மாடு, முழங்கால் வலி எல்லாம்.

இன்றைக்கு ஞாயிறு இல்லை. இருந்தும் கூப்பிட்டார். என் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் ஆகி இன்றோடு ஒரு வருஷம்.

ஊரில் இந்தக் கல்யாணக் கதை பல ரூபத்தில் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டேன். ஒரு ரூபத்தில், மாப்பிள்ளையைப் பிடிக்காமல் நானே தாலியைத் தட்டிவிட்டேனாம். இன்னொன்றில் கம்ப்யூட்டர் பேய் பிடித்துக் குருக்களைத் திட்டியதாம். வாயை விட்டுப் போன சொல் ஊர் சுற்றித் திரும்பும்போது கொம்பு முளைத்துத்தான் வரும் என்பார்கள். அந்தக் கொம்புகளை அறுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்குள் பத்திரிகை பழசாகிவிடும். அவருக்கு எப்போதும் அண்ணிதான் வாசித்துக் காட்டுவார். அதையும் மனசில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

2

மலாக்காவுக்கு நான் வாக்கப்பட்டு வந்து இருபத்தெட்டு வருஷம். வந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். ஐயோ, பார்த்தாலே தெரிகிற அளவுக்கா பசித்த முகமாக இருக்கிறேன் என்று கூசிப்போய் உள்ளே ஓடிவிட்டேன். இங்கே காலை ஆகாரத்துக்கே அதுதான் பேர் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். இப்போது நான் அதையே எல்லோரிடமும் கேட்கிறேன். ஊருக்குப் போயிருந்தபோது அண்ணியிடம் கேட்டு, அவர் பதறிப்போய் இரண்டு தோசை கூட வைத்தது தனிக் கதை.

வேலைக்குப் போனது பிறகு. மலாக்காவிலேயே தெங்கேரா என்கிற பகுதியில், காதர் பாய் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். கடைகள், தங்கும் விடுதிகள், தோட்டத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் இன்டர்நெட் பெட்டி மாட்டிக் கொடுப்பார்கள். பெட்டி மக்கர் செய்தால் போன் வரும். அந்தப் போனை எடுப்பவள் நான். என் இங்கிலீஷ் முழுக்க அந்தப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருக்கும் சின்னப் புத்தகங்களில் படித்ததுதான். அதனால்தான் யாராவது என்னிடம் இங்கிலீஷில் வழி கேட்டாலும், "பச்சை விளக்கு சீராக எரியும் வரை தயவுசெய்து காத்திருக்கவும்" என்கிற தினுசில்தான் பதில் வரும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் எங்களை வளர்த்தது அப்படி. அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், "நிறைஞ்சிருக்கு" என்போம். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். வாசல் இறங்கும்போது "போறேன்" என்றால் அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணி கொடுத்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். அந்த வாய் இங்கேயும் மாறவில்லை. போனில் ஒரு பெரியவர், "அம்மா, பெட்டியில செவப்பு லைட்டு" என்றால், அணைத்துப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. "பெட்டியைக் கொஞ்சம் தூங்க வைங்கப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து எழுப்புங்க" என்பேன். எங்கள் வாடிக்கைக்காரர்கள் இப்போது அப்படியேதான் பேசுகிறார்கள். "அக்கா, ரெண்டு வாட்டி தூங்க வெச்சிட்டேன், எழுந்திரிக்கவே மாட்டேங்குது லா!" அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டிருப்பது.

இந்த வாயை நம்பித்தான் முதலாளி தினேஷ் ஒரு புது வேலையை என்னிடம் கொடுத்தான். முதலாளி என்றாலும் தம்பி வயசு. மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"அக்கா, இனிமே நெட் ஸ்லோன்னு மனுஷன் போன் பண்ண மாட்டான் லா. ஏஐ ஏஜென்ட்தான் எல்லாத்தையும் பார்த்துக்கும். அதுக்கு ஒரு டூல் செஞ்சிருக்கேன். அப்லோட் ஸ்பீடை அளக்கும். நீங்க அதுக்கு டாக்குமென்ட் எழுதணும்."

"யாரு படிக்க? வாங்குறவங்களா?"

"இல்லக்கா. ஏஜென்ட் படிக்க."

"மெஷினைப் பத்தி மெஷினுக்கு நான் எழுதணுமா?"

"ஆமா லா. டூல் இருக்கு. ஏஜென்ட்டும் இருக்கு. அதை எப்ப எடுக்கணும், எப்படிப் பிடிக்கணும்னு சொல்ல நடுவுல ஒரு ஆள் வேணும்."

மாமியார் மருமகள் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில்தான் இருப்பார்கள். இருந்தாலும் நடுவில் பேச ஒரு ஆள் வேண்டும்.

உங்களுக்கும் கொஞ்சம் விளங்கச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் கம்பிக்கு இரண்டு கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து நமக்கு வருவது வாசல் கதவு, அது அகலம். நம்மிடமிருந்து வெளியே போவது கொல்லைக் கதவு, அது குறுகல். நம் முகத்தை வீடியோவில் ஊருக்கு அனுப்பினால் அது கொல்லைக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். தினேஷின் கருவி என்ன செய்யும் என்றால், அந்தக் கொல்லைக் கதவு வழியாக வெறும் மூட்டைகளைச் சடசடவென்று தள்ளி, எத்தனை வேகத்தில் போகிறது என்று எண்ணிச் சொல்லும். எண்ணி முடிக்கிற வரை கதவை அந்த மூட்டைகளே அடைத்துக்கொண்டு நிற்கும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வினை இதில்தான் இருக்கிறது.

எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரிந்தது. போனில் பேசும்போது அந்தப் பக்கம் "ம்" கொட்டுவார்கள். புரியவில்லை என்றால் மூச்சிலேயே தெரிந்துவிடும். இந்த ஏஜென்ட் "ம்" கொட்டாத வாசகன். எழுதியதை எழுதியபடி நம்புவான். முகம் சுளிக்க மாட்டான், சிரிக்கவும் மாட்டான். நான் என் வழக்கப்படி, "ஆற்றில் இறங்குமுன் ஆழம் பார்" என்று ஆரம்பித்திருந்தேன். தினேஷ் அதைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தான். ஏஜென்ட் மரியாதையாகப் பதில் சொன்னது: "ஆற்றின் ஆழத்தை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. எந்த ஆறு என்று சொல்ல முடியுமா?"

ஆற்றை எடுத்துவிட்டேன். பெயர், பயன், என்ன கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும் எல்லாம் ஒழுங்காக எழுதினேன். 'எப்போது பயன்படுத்த வேண்டும்' என்ற பகுதியில் என் கை தாராளம். பெரிய கோப்பு அனுப்புமுன் அளக்கவும். படம் மங்கினால் அளக்கவும். சந்தேகம் வந்தால் அளக்கவும்.

"நல்லா இருக்கு அக்கா" என்றான் தினேஷ். "எப்ப யூஸ் பண்ணக் கூடாதுன்னும் ஒரு செக்‌ஷன் வேணும்."

"தம்பி, புதுசா ஒரு காரியத்தைத் தொடங்குறோம். தொடங்கும்போதே கூடாது, வேண்டாம், நிறுத்துன்னு நாலு அமங்கலத்தை அடுக்கச் சொல்றியே!"

"அது மெஷின்க்கா. அதுக்கு ஏது மங்கலம் அமங்கலம்?"

"எழுதுற கை என் கைதானே?"

கீழே இறங்கி வந்து காதர் பாயிடம் முறையிட்டேன். அவர் ஒரு கைலியை எடுத்து விரித்து, ஓரத்தில் தைத்திருந்த சின்னச் சீட்டைக் காட்டினார். "பாரு தங்கச்சி. கொதிதண்ணியில போடாதே, அடிச்சுத் துவைக்காதேன்னு போட்டிருக்கு. அதுனால இந்தக் கைலிக்கு என்ன கேடு வந்துச்சு? எழுதாத கைலிதான் சுருங்கிப்போய் என் கடைக்கே திரும்பி வரும்." நான் அதற்கும் மசியவில்லை. பிறகு பார்த்துக்கலாம் என்று அந்தப் பகுதியைத் தலைப்போடு காலியாக விட்டுவிட்டேன். தலைப்பைக்கூட மங்கலமாகத்தான் வைத்தேன்: 'மற்றவை.'

3

தர்ஷினியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான், ஆனால் இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் மூன்றாவது இங்கிலீஷ், நாலாவது மலாய். நான் ஆயிரம் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். அவளுக்கு டவுன்லோட் நல்ல வேகம், அப்லோட் கோசோங் என்று வீட்டுக்காரரிடம் சொல்வேன். கோசோங் என்றால் இங்கே பூஜ்யம். வேலைக்குக் கிளம்பும்போது தினமும் "போறேன்மா" என்பாள். நான் அடுப்படியிலிருந்து, "போயிட்டு வர்றேன்னு சொல்லு!" என்று கத்துவேன். அதற்குள் காடி, இங்கே காருக்கு அதுதான் பேர், தெருமுனை திரும்பிவிடும்.

அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை மகேன், மலாக்கா டவுன் பையன், தங்கமான குணம். நாள் குறித்து, மண்டபம் பிடித்து, முதல் அழைப்பை அண்ணனுக்கு வைத்தாயிற்று. எங்கள் குடும்பத்தில் தாலித் தட்டைச் சபை முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்து, கடைசியாகத் தாய்மாமன் தொட்டுக் கொடுத்து, "கட்டுங்க" என்று சொன்ன பிறகுதான் கட்டுவது. தர்ஷினிக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

அந்தத் தாய்மாமனின் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் அப்பா பெயரும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரும் ஏறி உட்கார்ந்திருந்தன. பாஸ்போர்ட்டின்படி அண்ணன் தனக்குத்தானே அப்பா. திருத்தப் போன இடத்தில், அப்பாவின் சம்மதம் வேண்டும் என்றார்களாம். "எங்க அப்பா செத்து வருஷம் ஆச்சுய்யா" என்றாராம் அண்ணன். "இதன்படி செத்தது நீங்கதானே" என்றாராம் எதிரில் இருந்தவர். அவர் சிரிக்காமல் சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று இன்றுவரை அண்ணனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கல்யாணத்துக்குள் பாஸ்போர்ட் வராது என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

"பரவாயில்ல தங்கச்சி, நான் மனசால வந்துர்றேன்" என்றார் போனில். குரலைக் கேட்டால் மனசும் கிளம்பிய மாதிரித் தெரியவில்லை.

சரி, வேறு யாரையாவது பெரியவராக நிற்க வைத்துத் தட்டைத் தொடச் சொல்லலாம் என்று நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தோம். சோபாவில் போனை நோண்டிக்கொண்டிருந்த தர்ஷினி தலை நிமிராமலே சொன்னாள்:

"மாமா பார்க்காம நான் கழுத்து நீட்ட மாட்டேன்."

"என்னடி சொல்றே?"

"சின்னதுல எல்லா பர்த்டேக்கும் அவர்தானே போன்ல ஃபுல் பாட்டு பாடுவாரு. சுருதியே இருக்காது. கல்யாணத்துக்கு மட்டும் வேற ஆளா? நோ லா. வீடியோல போடுங்க. அவர் தாலியைப் பார்க்கணும், என்னைப் பார்க்கணும், ஓகே சொல்லணும். அப்புறம்தான்."

அப்லோட் கோசோங் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன்.

தினேஷ் துள்ளிக் குதித்தான். "அக்கா, என் ஏஜென்ட்டை வெச்சே செய்யலாம். பேசினா கேக்கும், தமிழ்லயே பதில் சொல்லும். படம் மங்கினா அதுவே ஸ்பீடை அளந்து சரிபண்ணிக்கும். உங்க டாக்குமென்ட்தானே அது படிச்சிருக்கு!"

விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். ஏஜென்ட் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஏஜென்ட்டா? கமிஷன் எவ்வளவு கேக்குறான்?" அப்படி எதுவும் இல்லை என்று புரியவைக்க அந்த ஞாயிறு முழுக்கப் போயிற்று. கமிஷன் வாங்காத ஏஜென்ட்டை அவர் கடைசிவரை நம்பவில்லை. அவர் சந்தேகம் வீண் போகவும் இல்லை.

4

மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் தாய்மாமனுக்கென்று ஒரு பெரிய நாற்காலி. அதில் பெரிய டிவி. டிவியில் அண்ணன், பட்டு வேட்டி, துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் அண்ணி. அவர்களுக்குப் பின்னால் எங்கள் ஊர் மொத்தமும். என் வீட்டுக்காரர் மரியாதை குறையக் கூடாது என்று ஒரு ரோஜா மாலையைக் கொண்டுவந்து டிவிக்குப் போட்டு, சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஓடிவந்தார். "சம்பந்தி, சம்பந்தி! படத்துக்கு மாலை போட்டாப்ல இருக்கு, எடுங்க!"

டிவிக்குள்ளிருந்து அண்ணன், "யோவ், நான் உசுரோடதான்யா இருக்கேன்!" என்று கத்தினார். பாஸ்போர்ட் விஷயத்திலிருந்தே அவருக்கு இதில் கொஞ்சம் ரோஷம். மாலையைக் கழற்றி நாற்காலி மேல் வைத்தோம். மண்டபமே சிரித்தது. எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது.

முகூர்த்தம் நெருங்க நெருங்கக் கூட்டம் சேர்ந்தது. மேடைக்குக் கீழே இளவட்டங்கள் ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிப் பிடித்து, மண்டபத்து வைஃபையிலேயே கல்யாணத்தை உலகத்துக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொல்லைக் கதவில் நெரிசல். ஊரில் அவர்கள் பார்க்கிற படம் லேசாக மங்கியது. உடனே மேடை ஓரத்து லேப்டாப்பிலிருந்து செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது:

"படம் தெளிவாக இல்லை. பதிவேற்ற வேகத்தை அளக்கிறேன்."

குருக்கள் மந்திரத்தை நிறுத்தி ஒரு பார்வை பார்த்தார். தினேஷ், "பசங்க எல்லாரையும் வைஃபை விட்டு இறங்கச் சொல்றேன்க்கா" என்று கூட்டத்துக்குள் பாய்ந்தான். பாய்ந்தவனைத் திரும்பி வர வழியில்லாமல் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அளக்க மூட்டை தள்ளினால் கதவு அடைபடும். அடைபட்டால் படம் இன்னும் மங்கும். மங்கினால்?

"படம் தெளிவாக இல்லை. பதிவேற்ற வேகத்தை அளக்கிறேன்."

படம் மங்கினால் அளக்கவும். சந்தேகம் வந்தால் அளக்கவும். என் வரிகள். என் கண் முன்னால், வரிக்கு வரி, ஒரு எழுத்து பிசகாமல் அந்த மகராசி நிறைவேற்றிக்கொண்டிருந்தாள். பொங்கல் பொங்குகிறதா என்று நொடிக்கு நொடி மூடியைத் திறந்து பார்க்கிறவளிடம் அடுப்பைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

தட்டைச் சபை முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்து டிவிக்கு மேலிருந்த கேமராவின் முன்னால் நீட்டினார்கள். எங்களுக்கு அண்ணன் பளிச்சென்று தெரிகிறார், வாசல் கதவு வழியாகத்தானே வருகிறார். அவருக்கு நாங்கள் தெரியவில்லை.

"தங்கச்சி, ஒண்ணும் தெரியலையே. கட்டம் கட்டமா என்னமோ தெரியுது. இப்ப அதுவும் இல்ல."

"அண்ணே, இருண்ணே, இதோ வந்துரும்" என்றேன். என் குரலாவது முழுசாகப் போயிருக்குமா தெரியாது.

நான் லேப்டாப்பிடம் போய்க் குனிந்து, "போதும்மா" என்றேன்.

"சரி. இந்த அளவீடு முடிந்ததும் சொல்கிறேன்."

"இருக்கட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்."

"சரி. அப்புறமும் பார்க்கிறேன். இப்போது பதிவேற்ற வேகத்தை அளக்கிறேன்."

பந்தியில் "போதும்" என்றவன் இலையில் இன்னொரு கரண்டி விழுவதில்லையா, அதே கதைதான். நம் ஆட்களுக்குப் போதும் என்றால் போதும் என்றா அர்த்தம்?

"நேரம் தாண்டப்போகுது சம்பந்தி" என்றார் பெரியப்பா தணிந்த குரலில். அவர் மேல் தப்பில்லை. குருக்களும் தலையசைத்தார். தட்டிலிருந்து தாலியை எடுத்து மகேன் கையில் கொடுத்தார். மேளக்காரர்கள் தோளைச் சரிசெய்துகொண்டார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அண்ணன் நினைத்துவிட்டார். தனக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பக்கமும் தெரியாது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அண்ணி பக்கம் திரும்பி, "அந்தப் புள்ள முகத்தைக்கூடப் பாக்கக் குடுத்து வெக்கலையேடி" என்றார். துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தோள் குலுங்கினார். எங்கள் அப்பா போனபோதுகூட நின்றுகொண்டே எல்லாக் காரியத்தையும் பார்த்த மனுஷர். இத்தனை பெரிய டிவியில், மண்டபம் மொத்தமும் பார்க்க.

தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"மா! ஏதாவது செய்யுங்க!"

"கெட்டிமேளம்!" என்றார் குருக்கள்.

"நிறுத்து!"

கத்தியது நான்தான்.

மணமேடையில் பெண்ணைப் பெற்றவள் வாயிலிருந்து வரக் கூடாத ஒரே ஒரு சொல் உண்டென்றால் அதுதான். மேளம் நின்றது. நாதஸ்வரம் பாதிச் சுரத்தில் ஒற்றைக் கால் கொக்காக நின்றது. மகேன் தாலியை அந்தரத்தில் பிடித்தபடி, தான் என்ன தப்புச் செய்தோம் என்று என்னைப் பார்த்தான். பெரியப்பா நெஞ்சில் கை வைத்துவிட்டார். யாரோ ஒரு கிழவி, "அப்பவே சொன்னேன்" என்றாள். எப்போது, என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நிசப்தத்தில் கணீரென்ற குரல் சொன்னது:

"நிறுத்திவிட்டேன்."

மூட்டைகள் விலகின. கதவு திறந்தது. டிவியில் அண்ணன் துண்டை அவசர அவசரமாக இழுத்தார், கண்ணை விரித்தார், திரைக்கு மேலேயே வந்து விழுந்தார்.

"தெரியுது! தெரியுது! நல்லாத் தெரியுது! ஆத்தாடி, எம் மருமக! யாருய்யா அங்க நிறுத்தச் சொன்னது? நான்தான் இருக்கேன்ல! கட்டுங்கய்யா, கட்டுங்க!"

தட்டைத் தொடுகிறேன் என்று கையை நீட்டினார். நீட்டியது நேராக அவர் போனின் கேமரா மேல். டிவி முழுக்க அவருடைய கட்டைவிரல் ரேகை. அந்த ரேகையைச் சாட்சியாக வைத்துத்தான் என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. இதைவிடக் கெட்டியான கைநாட்டு எந்த ஆபீசில் கிடைக்கும்?

5

சாயங்காலம் மகேன் வீட்டுக் காடி வந்து நின்றது. தர்ஷினி ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கி, பழக்க தோஷத்தில், "போறேன்மா" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வெயிட், வெயிட். போயிட்டு வர்றேன்மா." காடி தெருமுனையில் திரும்பும்போது கையை வெளியே நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினாள். அதுவரை அந்தக் கட்டைவிரலை நான் குறைவாக எடை போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். வேலை போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். தினேஷ் ஏஜென்ட்டின் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கடைசி வரியைக் காட்டினான்: 'பயனர் கேட்டதால் அளவீடு பாதியில் நிறுத்தப்பட்டது. காரணம் தெரிவிக்கப்படவில்லை.'

"காரணத்தை எழுதிடுங்கக்கா" என்றான்.

உட்கார்ந்து, 'மற்றவை'யை அழித்தேன். 'எப்போது பயன்படுத்தக் கூடாது' என்று பெரிய எழுத்தில் போட்டேன். அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பகுதியாக வைத்தேன். நேரலை போகும்போது அளக்கக் கூடாது. ஒருமுறை அளந்தும் மங்கினால் திரும்ப அளக்கக் கூடாது, படத்தின் தரத்தைக் குறைக்கவும். பயனர் 'போதும்', 'இருக்கட்டும்', 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொன்னால் அவர் தமிழர் என்று அறிந்து, உடனே நிறுத்தவும். கை கூசாமல் கூடாது கூடாது என்று எழுதிக்கொண்டே போனேன். வானம் இடிந்து விழவில்லை. கீழே காதர் பாய் கடையில் கைலி விற்றுக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வரியில் மட்டும் எனக்கும் தினேஷுக்கும் வாக்குவாதம். நான் எழுதியது இது: 'ஒருவர் இன்னொருவரைப் பார்க்கக் காத்திருக்கும்போது அளக்கக் கூடாது.'

"அக்கா, இது டெக்னிக்கலா இல்ல. நேரலைன்னு மேலயே இருக்கே."

"நேரலைன்னா அதுக்கு என்ன தெரியும்? காத்திருக்குறதுன்னா தெரியட்டும்."

"மெஷினுக்கா?"

"படிக்கிற யாருக்கோ."

அந்த வரி இன்னும் இருக்கிறது. தினேஷ் எடுக்கவில்லை.

6

இன்றைக்கு அண்ணன் கூப்பிட்டபோது தர்ஷினியும் மகேனும் இங்கேதான் இருந்தார்கள். அண்ணன் சுருதி இல்லாமல் ஒரு பாட்டு முழுசாகப் பாடினார், கல்யாண நாளுக்கும் அதே பிறந்தநாள் பாட்டுதான். பாஸ்போர்ட் வந்துவிட்டதாம். இப்போது அண்ணன் அண்ணனாகவும், அப்பா அப்பாவாகவும் இருக்கிறார்களாம். ஐப்பசி கழிந்ததும் வருகிறார். வந்தால் முதல் வேலையாக அந்தக் கமிஷன் வாங்காத ஏஜென்ட்டை நேரில் பார்க்க வேண்டுமாம்.

பிள்ளைகள் இருவரும் கடற்கரைப் பக்கம் கிளம்பிய பிறகு, அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அண்ணி அடுப்படியில் இருந்திருக்க வேண்டும், பின்னால் சிரிப்புச் சத்தம் இல்லை.

"ஏன் தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்னு. அன்னைக்கு எனக்கு உங்களைத் தெரியலையில்ல."

"ஆமாண்ணே."

"அப்ப... அந்தப் பக்கம் என்னைத் தெரிஞ்சுச்சா?"

ஒரு வருஷமாக அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தர்ஷினி, மகேன், அந்தப் பெரியப்பா, 'அப்பவே சொன்ன' கிழவி உட்பட. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இதற்கெல்லாம் எங்களுக்கு டாக்குமென்ட் வேண்டியதில்லை.

"எங்கண்ணே" என்றேன். "இந்தப் பக்கமும் கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சுச்சு."

"அதானே" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு கோழிக்குப் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

அண்ணி, இதை அவருக்கு நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மாலை போட்டது, கட்டைவிரல், கைலி எல்லாம் நன்றாக இழுத்து இழுத்துப் படியுங்கள், சிரிப்பார். நாலாவது பகுதியில் துண்டு வருகிற இடத்தையும், இந்தக் கடைசிப் பகுதியையும் மட்டும் வாசிக்கக் கூடாது. அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.